‘உன் மேல் தப்பில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள்

நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டைப் பக்கம் 2005 பிப்ரவரியில் தார் அட்டைக் கொட்டகைகள் வரிசை வரிசையாக நின்றன. காலை பத்து மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது, கூரை அனல் கக்கும். சுனாமியில் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் இழந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போயிருந்தேன். பாடம் நடந்த நேரத்தைவிட, கொட்டகை நிழலில் பெண்களோடு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

அவர்களில் ஒரு அக்கா மீன் விற்பவர். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை வேறு. ஏழு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். கடல் எழுந்து வந்தபோது கையருகே நின்றது பக்கத்து வீட்டுப் பையன், இரண்டு வயது. அவனை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு ரோட்டை நோக்கி ஓடினார். பையன் பிழைத்தான். திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. மகள் மூன்றாம் நாள் கிடைத்தாள்.

“லீவு நாள்தானேன்னு எழுப்பாம வந்துட்டேன் டீச்சர். எழுப்பியிருந்தா எங்கூடத்தான் வந்திருப்பா. எனக்குச் சும்மாடு சுத்திக் குடுக்குறதே அவதான். அன்னைக்கு நானே சுத்திக்கிட்டுப் போனேன்.”

அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் வேறு வேறு குரலில் பேசினார்கள். உறவுக்காரர்கள், “விதி முடிஞ்சுது, நீ என்னடி பண்ணுவ? ஒன்னையாவது விட்டுவச்சானே, அதுக்குக் கும்பிடு” என்றார்கள். கணக்கெடுக்க வந்தவர், “ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்கம்மா, அதை நெனச்சுப் பெருமைப்படுங்க” என்றார். சில நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்த ஆலோசகப் பெண், “உங்க மேல எந்தத் தப்பும் இல்லைம்மா. அந்த எண்ணத்தை மாத்திக்கணும்” என்றார். நானும் அதையே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “தெரியும் டீச்சர். எல்லாரும் சொல்லிட்டாங்க” என்றார். அதன்பிறகு அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தேறிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர் தேறவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றென்று நம்புகிற பொதுப்புத்தியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

பேரிடரில் பிழைத்தவருக்கு வருகிற குற்ற உணர்ச்சி அர்த்தமில்லாதது, அது ஒரு தப்பான எண்ணம், அதைத் துடைத்துப் போட்டுவிட்டால் மனுஷர் நலமாகிவிடுவார் என்பதுதான் அந்தப் பொதுப்புத்தி. பக்திமான் இதை விதி என்ற பெயரில் சொல்கிறார். அதிகாரி நிவாரணத்தின் பெயரில் சொல்கிறார். படித்தவர் உளவியலின் பெயரில் சொல்கிறார். மூவருமே ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள், அவர்களுடைய நல்ல மனசை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதல் எதை மூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில், பிழைத்தவர்களைப் பார்த்துச் சொல்லப்படும் ‘அதிர்ஷ்டம்’ என்ற சொல். ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் இருக்கும். அதனால் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்த படகுகளுக்குக் கீழே அது லேசான ஏற்றமாகக் கடந்துபோயிற்று. ஆழம் குறைந்த கரையோரம் வந்தபோதுதான் அது சுவராக எழுந்தது. அன்று கடலுக்குப் போயிருந்த ஆண்களில் பலர் பிழைத்தார்கள். கரையில் மீனுக்குக் காத்திருந்த பெண்களும் வீட்டிலிருந்த பிள்ளைகளும் கிழவர்களும் போனார்கள். கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். தமிழகம் முழுக்க ஏறக்குறைய 8,000 பேர்.

ஒரு மீனவனுக்கு இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவன் திரும்புவான் என்பதற்கு உறுதியில்லை, கரையில் இருப்பவர்கள் பத்திரம் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக அவன் நம்பிய ஏற்பாடு. அபாயத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்வதில்தான் அவனுடைய ஆண்மையும் கௌரவமும் இருந்தன. அந்த ஏற்பாடு ஒரு காலை நேரத்தில் தலைகீழாகிவிட்டது. கரைக்கு வந்து சேர்ந்தவனிடம் போய் ‘நீ அதிர்ஷ்டக்காரன்’ என்று சொல்லுங்கள் பார்ப்போம். அவன் காதில் அது வசவாக விழும். தன் பங்கு அபாயத்தைத் தன் பெண்டாட்டி பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் அவன் மனம் கணக்குப் போடும். அந்தக் கொட்டகைகளில் சாயங்காலமானால் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்த ஆண்களை ‘நிவாரணப் பணம் படுத்துற பாடு’ என்று திட்டிவிட்டுப் போனவர்கள் நிறைய. அவர்களில் எத்தனை பேர் அவன் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்?

அடுத்தது உளவியலின் பெயரில் சொல்லப்படுவது. இதை மறுக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிழைத்தவர்களின் குற்ற உணர்ச்சியை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூதர்களிடம். நியூயார்க்கில் இருந்த வில்லியம் நீடர்லாண்ட் என்ற மனநல மருத்துவர் 1960-களில் அதை விரிவாக எழுதினார். அவர் அந்த மனிதர்களைச் சந்தித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மேற்கு ஜெர்மனி இழப்பீடு கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பெற, தன் மனநோவு முகாமால்தான் வந்தது என்று ஒவ்வொருவரும் மருத்துவச் சான்றோடு நிரூபிக்க வேண்டியிருந்தது. ஜெர்மானிய மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆரோக்கியமான மனம் எந்தக் கொடுமையிலிருந்தும் கொஞ்ச காலத்தில் தானாகவே மீண்டுவிடும், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒருவர் துன்பப்படுகிறார் என்றால் கோளாறு அவருடைய பிறவி மன அமைப்பில்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கர்ட் ஐஸ்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1963-இல் இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். தன் பிள்ளைகளில் எத்தனை பேர் கொலையானபிறகும் நோய்க்குறி எதுவும் இல்லாமல் இருந்தால் ஒருவரை இயல்பான மன அமைப்புள்ளவர் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதே அதன் தலைப்பு.

‘காலம் எல்லாத்தையும் ஆத்திடும்’ என்று நாம் வெகு இயல்பாகச் சொல்கிறோமே, அது ஒரு காலத்தில் இழப்பீட்டை மறுக்கும் வாதமாகக் கோப்புகளில் ஏறியிருந்தது. ஆறாதவர் மேல் பழியைத் திருப்புகிற வேலையை அந்த வாக்கியம் இன்றும் செய்துகொண்டுதான் இருக்கிறது. நாகையில் அது ‘இவளுக்கு மட்டும் என்ன? அஞ்சு வருஷம் ஆச்சு, எல்லாரும் தேறலையா?’ என்று கேட்டது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் தன் நோய்க்குறிக் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோவைச் சேர்த்தபோது, மற்றவர்கள் சாகத் தான் பிழைத்ததால் வரும் குற்ற உணர்ச்சியையும் அறிகுறிகளில் ஒன்றாக வைத்தது. 1987-இல் கையேட்டைத் திருத்தியபோது முதன்மை அறிகுறிப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். 2013-இல் வந்த பதிப்பில், தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் ‘திரிந்த எண்ணம்’ என்ற வடிவத்தில் அது திரும்பி வந்தது. ஒரே உணர்ச்சி, முப்பது ஆண்டுகளில் மூன்று இடம். மருத்துவம் தவறு என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் துறையே இதை எங்கே வைப்பதென்று தடவிக்கொண்டிருந்தபோது, சில நாள் பயிற்சி பெற்ற நாம் அந்த அக்காவிடம் போய் ‘இது தப்பான எண்ணம்’ என்று அடித்துச் சொன்னோமே, அந்தத் துணிச்சலைத்தான் கேட்கிறேன்.

பேரிடர் முடிந்த கையோடு நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் வரவழைத்துக் கொட்டச் செய்துவிட்டால் பின்னால் நோய் வராது என்றொரு முறையும் அப்போது புழக்கத்தில் இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, சுனாமிக்கு முன்பே, 2002-லேயே, அப்படிப்பட்ட ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதற்குச் சான்று இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்று எச்சரித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, யாரையும் வற்புறுத்திப் பேச வைக்காதீர்கள் என்றே சொல்கிறது. ஆனால் 2005-இல் நாகைக் கரைக்கு வந்த குழுக்கள் ஒவ்வொன்றும் பிள்ளைகள் கையில் வண்ணக்குச்சியைக் கொடுத்து அலையை வரையச் சொல்லின. என் வகுப்பில் ஒரு சிறுமி, புதிதாக வந்த குழுவைப் பார்த்ததுமே, யாரும் கேட்காமல், நீலக் குச்சியை எடுத்து வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள். அவள் மனதில் இருந்தது அந்தத் தாளில் இல்லை. வந்தவர்களுக்கு வேண்டியது இருந்தது.

பேச்சைப் பிடுங்குவதும் பேச்சை அடைப்பதும் பார்க்க எதிரெதிராகத் தெரியும். இரண்டிலும் பேசுகிறவருக்கு அதிகாரம் இல்லை. எப்போது, யாரிடம், எந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்வது என்பதை அவர் முடிவு செய்ய முடிவதில்லை.

அரசு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிறையவே செய்தது. கொட்டகை போட்டது, படகுக்கு உதவி கொடுத்தது, கான்கிரீட் வீடுகள் வந்தன. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் மாநில அரசும் மத்திய அரசுமாக இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தன. கருத்தடை அறுவை செய்துகொண்டபிறகு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, மறுபடி கருத்தரிக்க வழிசெய்யும் அறுவைச் சிகிச்சையை அரசு தன் செலவில் செய்துகொடுத்தது. அதனால் பிள்ளை பெற்றவர்கள் உண்டு, அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள், அந்த வீடுகளில் மகிழ்ச்சி வந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராது. ஆனால் அந்தத் திட்டத்தைச் சுற்றி எழுந்த பேச்சு இருக்கிறதே, ‘போன புள்ளையே திரும்பி வந்து பொறந்துடுச்சு, இனிமே அழக்கூடாது’ என்று, அதை என்னால் ஏற்க முடியவில்லை. புதுப் பிள்ளைக்குப் பழைய பிள்ளையின் பெயரையே வைத்த வீடுகள் இருந்தன. அந்தப் பெயரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தாயின் மனம் யாரிடம் போய்வந்தது என்று யார் கேட்டார்கள்? அந்த இரண்டு லட்சத்தைத் தொட மாட்டேன், அது புள்ளையை வித்த காசு என்று அழுத தாய்க்கு, ‘பாஸ்புக்கைப் பத்திரமா வச்சுக்கம்மா’ என்பதற்கு மேல் நம்மிடம் பதில் இருந்ததா?

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ‘உன் மேல் தப்பில்லை’ என்பது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, ‘அப்படியானால் யார் மேல் தப்பு?’ என்ற கேள்வி. அதை நாம் கேட்பதே இல்லை.

சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29-க்கு. சென்னையிலேயே அந்த அதிர்வு தெரிந்து மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடத்துக்குள் நிலநடுக்க அறிவிப்பை வெளியிட்டுவிட்டது. பசிபிக்கில் 1949 முதல் அப்படியொரு ஏற்பாடு உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எதுவும் இல்லை. கார் நிகோபாரில் விமானப்படைத் தளத்தையே அலை துடைத்தெடுத்துவிட்டது. அதற்குப்பிறகும் நாகைக் கரைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. தில்லியில் அனுப்பிய தொலைநகல் ஒன்று முன்னாள் அமைச்சர் வீட்டுக்குப் போனது என்று நாளிதழ்கள் அப்போது எழுதின. ஒன்பது மணியையொட்டி அலை வந்தது. நிலம் அதிர்ந்ததிலிருந்து இரண்டரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் ஒரு போலீஸ் ஜீப் ஒலிபெருக்கியோடு குப்பத்தைச் சுற்றி வந்திருந்தால், ஒரு கோயில் மணி அடித்திருந்தால், அந்த அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பார்.

ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் திறக்கப்பட்டது. செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. முன்பே செய்யவில்லை.

இரண்டரை மணி நேரம் கையில் இருந்தவர்கள் யாரும் தூக்கம் கெட்டுத் தவித்ததாக நான் கேள்விப்படவில்லை. இரண்டு நிமிடம் மட்டுமே கையில் இருந்த ஒரு மீன்காரப் பெண், ஏன் எழுப்பவில்லை, ஏன் எழுப்பவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பொறுப்பு என்பது யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளும்வரை அலைந்துகொண்டே இருக்கும் போலும். எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் எடுக்காதபோது, அன்பு வைத்தவர்கள் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். ‘யார் என்ன செய்ய முடியும், இயற்கை’ என்று நாம் அவருக்குச் சொன்ன ஆறுதல், அவருக்கு உதவியதைவிடப் பொறுப்பை எடுக்காதவர்களுக்குத்தான் அதிகம் உதவியது.

ஜப்பானில் இதற்கு வேறொரு முடிவு கிடைத்தது. 2011 மார்ச் 11 சுனாமியில் இஷினோமாகி நகரின் ஓகாவா தொடக்கப் பள்ளியில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. பள்ளியில்தானே இருக்கிறார்கள், பத்திரமாக இருப்பார்கள் என்று நம்பிய பெற்றோர்களின் மனசை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவர்களில் சிலர், 23 பிள்ளைகளின் குடும்பங்கள், வழக்குத் தொடுத்தார்கள். செத்தவர்களை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்ற பழியையும் தாங்கினார்கள். 2018-இல் செண்டாய் உயர் நீதிமன்றம் பள்ளியும் நகரக் கல்வி வாரியமும் முன்கூட்டியே தக்க ஏற்பாடு செய்யத் தவறின என்று தீர்ப்பளித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியாயிற்று. அந்தப் பெற்றோரின் துக்கம் அதோடு தீர்ந்துபோயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஏன்’ என்ற அவர்கள் கேள்வியை யாரும் திரிந்த எண்ணம் என்று ஒதுக்கவில்லை. நீதிமன்றம் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் எழுதியது.

நம் ஊரில் 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மறுபடியும் அதே கதைதான். எச்சரிக்கை போய்ச் சேருவதற்கு முன்பே குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்கள், கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரைக்கு வந்தபிறகு, போனவர்களின் பெண்டாட்டிமார்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்த நாம், பிடி தளர்ந்த கூட்டாளியைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் போன மனிதனைப் பற்றி ஒரு வாரம்கூடப் பேசவில்லை.

இதைக் கேட்கிற நண்பர்கள் சிலர் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். ‘அப்படியென்றால் அவர்கள் குற்ற உணர்ச்சியிலேயே வெந்து சாகட்டும் என்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். இல்லை. தூக்கமே இல்லாமல் மாதங்கள் போகின்றன, சாப்பாடு இறங்கவில்லை, குடியை விட முடியவில்லை, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். கூட்டிக்கொண்டு போக வேண்டியது நாம்தான். மருந்தில் வெட்கம் இல்லை. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையம் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நல்ல மருத்துவர் எவரும் ‘உன் தப்பில்லை’ என்று ஒரு வார்த்தையில் முடிப்பதும் இல்லை. நடந்ததை நிமிடம் நிமிடமாக நோயாளியோடு சேர்ந்து நடந்து பார்ப்பார். எது தெரிந்திருந்தது, எது தெரிந்திருக்க வழியில்லை, எவ்வளவு நேரம் இருந்தது என்று அவரே கண்டுகொள்ளும்வரை பொறுமையாக இருப்பார். முடிவைத் தானே எட்டுவது வேறு, அடுத்தவர் வாயிலிருந்து வாங்கிக்கொள்வது வேறு.

படித்தவர்கள் மறந்துவிட்ட ஒன்றை நம் கிழவிகள் அறிந்திருந்தார்கள். ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாதி, செத்தவரைப் புகழ்வது. மீதிப் பாதி, இருப்பவள் தன்னைத்தானே நொந்துகொள்வது. கேட்டதை வாங்கித் தரவில்லையே, கூப்பிட்டபோது ஓடி வரவில்லையே, ஒருவாய்த் தண்ணீர் கொடுக்கவில்லையே என்று அவள் அடுக்குவாள். சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழும் பெண்கள் யாரும், ‘அது உன் தப்பில்லை’ என்று நடுவில் நிறுத்தித் திருத்த மாட்டார்கள். அவள் சொன்னதையே எடுத்து, தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்து, மேலே பாடுவார்கள். ஒருத்தி தூக்கிய சுமையைப் பத்துப் பேர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப அவள் கையில் கொடுப்பது மாதிரி இருக்கும். கனம் அதேதான். ஆனால் அது எவ்வளவு கனம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

2004-இல் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. உடல்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. ஜேசிபி குழி தோண்டியது. அடையாளம் காட்ட நேரமில்லை, போட்டோ எடுத்து ஒட்டினார்கள், புதைத்தார்கள். நோய் பரவும் என்று பயம், வேறு வழியில்லாமல் செய்தார்கள். பால் தெளிக்கவில்லை, பதினாறாம் நாள் சரியாக நடக்கவில்லை, ஒப்பாரி வைக்க வேண்டிய பெண்கள் எல்லார் வீட்டிலும் சாவு. யார் வீட்டுக்கு யார் போய் அழுவது? எல்லாருக்கும் ஒரே நாளில் துக்கம் வந்தால் துக்கம் கேட்க ஆள் இருக்காது. வெளியிலிருந்து போன நமக்கு அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார வேண்டிய நாம், உட்காராமல் நின்றபடியே அறிவுரை சொல்லிவிட்டு வந்தோம்.

ஒவ்வொரு டிசம்பர் 26-லும் கடற்கரையில் பால் ஊற்றுகிறார்கள், பூ போடுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள். தொலைக்காட்சிகள் படம் எடுக்கின்றன. ‘ஆறாத வடு’ என்று தலைப்புப் போடுகிறார்கள். மறுநாள் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கரையில் நிற்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவரிடம் ஆறுதல் சொல்லாதீர்கள். அவர் யாருக்காக அழுகிறாரோ அவருடைய பெயரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அங்கேயே இருங்கள்.

அந்த அக்காவை இருபதாம் ஆண்டு நினைவு நாளன்று பார்த்தேன். சுனாமி குடியிருப்பில்தான் இருக்கிறார், இன்னமும் மீன் விற்கிறார். கூடையைத் தலையில் வைப்பதில்லை, அன்றிலிருந்து இடுப்பில்தான். அவர் தூக்கிக்கொண்டு ஓடிய பையனுக்கு இருபத்திரண்டு வயது. பெரியம்மா என்று கூப்பிடுகிறான். தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் அவர் மகள் போனாள் என்று யாரோ சொல்லி, பத்தாவது படிக்கும்போது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தானாம்.

“எல்லாத்தையும் சொல்லு பெரியம்மான்னான். காலையில எந்திரிச்சதுலேருந்து சொன்னேன். எழுப்பாம போனதையும் சொன்னேன். உன் தப்பில்லன்னு அவன் சொல்லல டீச்சர். அக்கா என்ன கவுன் போட்டுருந்துச்சுன்னு கேட்டான்.”

மஞ்சள் கவுன். முதுகுப் பக்கம் மூன்று பட்டன். நடுப் பட்டன் அறுந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.